எட்டு மணி அலாரம்

அக்காவுக்குக் கடற்கரை என்றாலே ஆகாது. காலில் ஒட்டும் மணல், உதட்டில் ஒட்டும் உப்பு, படுத்தால் முதுகுக்கடியில் மேடும் பள்ளமுமாய்த் தரை, தலைக்கு மேலே படபடவென்று அடித்துக்கொண்டு கண்ணயர விடாத கூடாரத் துணி. போதாக்குறைக்கு வெயில். தினமும் இரண்டு வேளை அவள் விழுங்கும் மாத்திரைகளுக்கும் வெயிலுக்கும் ஜென்மப் பகை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் ஊரெல்லாம் அரைக்கால் சட்டையில் திரியும் இடத்தில் அவள் மட்டும் முழுக்கைச் சட்டையும் அகலத் தொப்பியுமாய்ச் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். இத்தனைக்கும் இது ஒன்பதாவது வருடம். வருடம் தவறாமல் ஒரு சனிக்கிழமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இங்கே வந்து இருந்துவிட்டுப் போகிறாள். "ஆகா, என்ன காத்து" என்று வாய் கூசாமல் சொல்லவும் செய்கிறாள். எல்லாம் தம்பிக்காக.

தம்பிக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. லிஃப்டுக்குள் நிற்கும்போது நாமெல்லாம் கதவைப் பார்ப்போம், அவன் காதைச் சுவரில் வைத்துக் கேட்பான். எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது, எந்தக் கம்பி இழுபடுகிறது என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் உறுதியாகத் தெரியும்வரை வாயைத் திறக்க மாட்டான், அழுத்தக்காரன். ஒன்பது வருடத்துக்கு முன், கல்யாணமாகி நாலே மாதத்தில், தன் சிறுநீரகம் ஒன்றை எடுத்து அக்காவுக்குக் கொடுத்தவன் அவன்தான். டாக்டர்கள் அவளுடைய பழைய இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு, இதை மூன்றாவதாக அடிவயிற்றின் வலது பக்கத்தில் வைத்துத் தைத்தார்கள். "வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் படுத்துட்டாங்க, வந்த விருந்தாளிதான் வேலை பாக்குறாரு" என்று மயக்கம் தெளிந்த அன்றைக்கே தம்பி அதற்குப் பெயர் வைத்துவிட்டான்.

பெயர் நிலைத்துவிட்டது. அன்று முதல் போன் எடுத்தால் அவன் அக்காவை விசாரிப்பதில்லை. "விருந்தாளி எப்படி இருக்காரு?" என்பான். "அவருக்கென்ன, சாப்பிட்டுத் தூங்குறாரு" என்பாள் அவள். அதோடு உடம்புப் பேச்சு முடிந்துவிடும்.

ஆனால் ஆரம்பத்தில் அக்காவின் பார்வைதான் சரியில்லை. தம்பி தும்மினால் அவள் முகம் வெளுத்தது. மாடி ஏறி வந்து மூச்சு வாங்கினால் அவள் கண் கலங்கியது. அவனிடமிருந்து எதையோ பறித்துக்கொண்டு வந்துவிட்ட மாதிரி எந்நேரமும் ஒரு திருட்டு முழி. பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன தம்பி, கடற்கரையில் அரை மாரத்தான் நடக்கப்போவதாக எங்கேயோ ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்து நின்றான். இருபத்தோரு கிலோமீட்டர் ஓடிக் காட்டுகிறேன், அதற்கப்புறமாவது என்னை நோயாளியைப் பார்க்கிற மாதிரி பார்ப்பதை விடுவாயா என்று கேட்டான். அதுவரை பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவன். பாதிப் பேர் சிரித்தார்கள். அவன் ஓடிவிட்டான்.

ஓட்டம் காலை ஐந்தே முக்காலுக்குத் தொடங்கும். அக்காவின் மாத்திரைக்கு எட்டு மணிக்குப் போனில் அலாரம் அடிக்கும். அந்த மாத்திரை ஒரு நாள் தவறினாலும் உடம்பு விருந்தாளியை அடையாளம் கண்டுகொண்டு வெளியே தள்ளப் பார்க்கும் என்பதால், உலகமே புரண்டாலும் அந்த அலாரம் மட்டும் மாறாது. முதல் வருடம் தற்செயலாக அலாரம் அடித்துக்கொண்டிருக்கும்போதே தம்பி முடிவுக் கோட்டைத் தாண்டி வந்து விழுந்தான். அதிலிருந்து அதுவே பந்தயமாகிவிட்டது. அலாரத்துக்கு முன் வந்தால் தம்பி ஜெயித்தான். பின்னால் வந்தால் விருந்தாளி ஜெயித்தார். இதுவரை தம்பி ஐந்து, விருந்தாளி மூன்று. யார் ஜெயித்தாலும், கோட்டுக்கு அந்தப் பக்கம் கொடுக்கிற வாழைப்பழத்தை உரித்து இரண்டாகப் பிட்டு, "இது விருந்தாளிக்கு" என்று ஒரு பாதியை அக்காவிடம் நீட்டுவான். அவள் மாத்திரையை விழுங்கிய கையோடு அதையும் தின்பாள்.

மூன்று வாரத்துக்கு முன் வந்த ரத்த ரிப்போர்ட்டில், சிறுநீரகம் வெளியேற்றாமல் விட்ட கழிவைக் காட்டும் கிரியேட்டினின் நாலு புள்ளி எட்டு என்று இருந்தது. எட்டரை வருடமாக ஒன்று புள்ளி மூன்றில் ஆணி அடித்த மாதிரி நின்ற எண் அது. அக்காவுக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் அறுத்து, ஓரம் தேய்த்து, பிரேமில் பொருத்தும் வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி வந்துவிடும். எண்களோடேயே பிழைக்கிறவளுக்கு அந்த எண்ணைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டியிருக்கவில்லை. டாக்டர் ஆனாலும் சொன்னார். உடம்பு உள்ளுக்குள்ளே மெல்ல மெல்ல அதை நிராகரித்துக்கொண்டு வந்திருக்கிறது, இனி மருந்தால் பிடித்து நிறுத்த முடியாது, ஆறு மாதம், மிஞ்சிப்போனால் எட்டு. அதற்கப்புறம் வாரத்தில் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் அந்தப் பழைய மெஷின், பழைய ஊசி.

மெஷினுக்கு அவள் பயப்படவில்லை. பயப்படவில்லை என்றால் பொய், பயந்தாள்தான். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. தம்பியிடம் இதை எப்படிச் சொல்வது? நீ வயிற்றைக் கிழித்துக் கொடுத்தது செத்துக்கொண்டிருக்கிறது, என்னால் அதைக் காப்பாற்ற முடியவில்லை என்று எந்த வாயால் சொல்வது? மூன்று வாரமாக அவன் போனில் கேட்டான். மூன்று வாரமாக அவளும் "சாப்பிட்டுத் தூங்குறாரு" என்றே சொன்னாள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். இந்த ஒரு ஓட்டத்தை அவன் நிம்மதியாக ஓடி முடிக்கட்டும். கோட்டைத் தாண்டி வந்ததும், அங்கேயே, அந்த நிமிடமே சொல்லிவிடுவது. அதற்குமேல் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

சனிக்கிழமை மத்தியானம் கூடாரம் போட்டார்கள். தம்பி முளை அடித்தான், அவன் மனைவி கயிற்றைப் பிடித்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், வீட்டிலும் எல்லோருக்கும் டீச்சர்தான். சிரிப்பைக்கூட அளந்து போடுகிறவள். அக்காவுக்கு அவள்மேல் மரியாதை உண்டு, கூடவே கொஞ்சம் கூச்சமும் உண்டு. நாலு மாதத்துப் புதுப்பெண்ணிடமிருந்து புருஷனின் உடம்பில் ஒரு பங்கை வாங்கிக்கொண்ட கூச்சம் அது, ஒன்பது வருடமாகியும் போகவில்லை. அவர்களுடைய எட்டு வயது மகளுக்கு வீட்டில் வைத்த பெயர் கேள்வி. காரணம் சொல்லத் தேவையில்லை.

"அத்தை, உங்க கால் எங்க?" என்றது கேள்வி, வந்து பத்து நிமிடத்துக்குள்.

அக்கா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, கணுக்கால் மறையும்வரை மணலைத் தோண்டிப் பாதங்களைப் புதைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாரமாகக் கால் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, நிரம்ப நேரமெடுத்தது. மணல் சுகமாகக் குளிர்ச்சியாக இருக்கிறது, அதனால்தான் புதைத்திருக்கிறேன் என்று அவள் சொன்னாள். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக மணல் அவளுக்கு ஒரு உபகாரம் செய்தது.

ஓடப்போகிறவன் முதல் நாள் வேலை செய்யக் கூடாது என்பதால் சனிக்கிழமைச் சமையல் எப்போதும் அக்காவுடையது. வெயில் தாழ்ந்ததும் கேஸ் அடுப்பைப் பற்ற வைத்தாள். உருளைக்கிழங்கை வேகவைத்து, வெண்ணெயும் மிளகுத்தூளும் போட்டுப் பிரட்டி, கூட ரொட்டியும் முட்டையும். அவளுக்கு உப்பு குறைவு, அதனால் தனிச் சின்னப் பாத்திரம். அதில் யாரும் சந்தேகப்பட ஒன்றுமில்லை. பெரிய பாத்திரத்தில் கிழங்கை முழுசு முழுசாகப் போட்டாள். தன்னுடையதை மட்டும் தோல் சீவி, சன்னமாக அரிந்து, கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை மணலில் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடியும் அடுப்பில் வைத்தாள்.

வைத்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு உருளைக்கிழங்கில் இருக்கும் பொட்டாசியம் விஷம். அதை வெளியேற்றத்தான் அரிந்து வேகவைத்து முதல் தண்ணீரைக் கொட்டுவது. மெஷினோடு கிடந்த அந்தப் பழைய மூன்று வருடமும் அவர்கள் வீட்டில் அப்படித்தான் கிழங்கு வெந்தது. அப்போது கல்யாணமாகாத தம்பிதான் பல நாள் வேகவைத்துத் தருவான். விருந்தாளி வந்தபின் அந்தப் பழக்கத்துக்கு வேலையில்லாமல் போயிருந்தது. இந்த மூன்று வாரமாகத் தன் வீட்டு அடுப்படியில் செய்து செய்து, கை இங்கேயும் தானாகச் செய்துவிட்டது. அக்கா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். டீச்சரும் கேள்வியும் தூரத்தில் தண்ணீரோரம் நடந்துகொண்டிருந்தார்கள். தம்பி முதுகைக் காட்டியபடி கூடாரத்தின் மறுபக்கத்துக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். நல்லவேளை என்று மூச்சு விட்டாள்.

சாப்பிடும்போது தம்பி இரண்டு கிழங்கோடு போதும் என்று எழுந்துவிட்டான். வழக்கமாக ஓட்டத்துக்கு முந்தின நாள் அவன் தின்பதைப் பார்க்க ஆள் கூடும். வயசாகிறது, பயம் வந்துவிட்டது என்று அக்கா அவனைக் கேலி செய்தாள். அவன் சிரித்து வைத்தான். அன்று சாயங்காலம் முழுவதும் அவன் விருந்தாளியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு பொய் மிச்சம் என்று அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது தம்பி ஊதா சட்டையின் மார்பில் எண் அட்டையைக் குத்திக்கொண்டு கிளம்பினான். அக்கா செருப்பைத் தேடிக் கூடாரத்துக்கு வெளியே குனிந்தபோது, டீச்சர் ஒரு ஜோடி செருப்பை அவள் முன்னால் வைத்தாள். தம்பியின் நீல ரப்பர் செருப்பு, இரண்டு அளவு பெரியது. "இதப் போட்டுக்கங்க அண்ணி. உங்களுது ஈரமா இருக்கு" என்றாள். அக்காவின் செருப்பு காய்ந்துதான் கிடந்தது. முந்தின நாளே வாரை இழுத்துவிட்டும் கால் உள்ளே போகாமல், குதிகால் வெளியே தொங்கத்தான் நடந்திருந்தாள். நீலச் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

துப்பாக்கி வெடித்தது. எழுநூறு எண்ணூறு பேர் சாலையில் சலசலவென்று கிளம்பிப் போனார்கள். தம்பி கூட்டத்தோடு போகும்போது திரும்பிப் பார்த்துக் கையசைத்தான். எப்போதும் ஒரு தடவைதான் அசைப்பான், இன்று இரண்டு தடவை அசைத்தான். அதற்கப்புறம் கடல்தான் இரைந்துகொண்டிருந்தது.

முடிவுக் கோட்டுக்கு அருகே தடுப்புக் கம்பியை ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டு இரண்டு பெண்களும் உட்கார்ந்தார்கள். கேள்வி கம்பியில் தொற்றிக்கொண்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தது. உனக்கு எப்போது தெரிந்தது என்று அக்கா மெல்லக் கேட்டாள். நேற்று காரிலிருந்து இறங்கும்போதே தெரியும் என்றாள் டீச்சர். காலுறையின் ரப்பர் பதிந்த தடம் விரல் கனத்துக்கு உள்ளே இறங்கியிருந்ததாம். எண் என்ன என்று கேட்டாள். அக்கா சொன்னாள். டீச்சர் அந்த எண்ணை வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"அவர்கிட்ட எப்பச் சொல்லப் போறீங்க?"

"கோட்டைத் தாண்டி வந்ததும்."

டீச்சர் தலையசைத்தாள். இதுவரை பேசாத ஒன்றைப் பேசினாள். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நான் பாத்ரூம்ல போய் அரை மணி நேரம் உக்காந்திருந்தேன். உங்களுக்குத் தெரியாது."

"தெரியும்" என்றாள் அக்கா. "வெளிய நான்தான் நின்னுக்கிட்டிருந்தேன். நீ வேண்டாம்னு சொல்லிட்டா நல்லா இருக்கும்னு ஒரு மனசு. சொல்லிடுவியோன்னு ஒரு மனசு."

டீச்சர் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஒவ்வொரு வருடமும் இந்த இடத்தில் உட்கார்ந்து தான் நிமிடங்களை எண்ணிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். அலாரத்துக்குள் அவர் வந்துவிட்டால் அவர் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை என்று இன்னொரு வருடத்துக்குத் தூங்கலாம். பந்தயமெல்லாம் உங்கள் இரண்டு பேருக்கும்தான், எனக்கு இது பரீட்சை என்றாள். கோபமாக இருக்கிறதா என்று அக்கா கேட்டாள்.

"இருக்கு அண்ணி. யார் மேலன்னுதான் தெரியல."

ஏழரைக்குமேல் ஆட்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். ஏழே முக்காலிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஊதா சட்டை தெரியும்போதெல்லாம் கேள்வி துள்ளியது, அது வேறு யாரோவாக இருந்தது. எட்டு மணிக்கு அலாரம் அடித்தது.

அக்கா மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டு இரண்டு மடக்கு தண்ணீர் குடித்தாள். விருந்தாளி ஜெயிச்சுட்டாரு என்று கேள்வி அறிவித்தது. எட்டு ஐந்து ஆயிற்று. பத்து ஆயிற்று. அவன் மிகவும் தாமதமாக வந்த வருடத்தில்கூட எட்டு ஒன்பதுக்கு வந்திருந்தான். பரிசு மேடையிலிருந்து யாரோ மைக்கில் உற்சாகமாகப் பேசிக்கொண்டே இருந்தார், அந்தக் குரலை அக்காவால் தாங்க முடியவில்லை. எட்டு இருபதுக்கு ஓர் ஆம்புலன்ஸ் ஓடுபாதையை ஒட்டிய மண் சாலையில் மெதுவாகப் போனது. சைரன்கூடப் போடவில்லை.

ஒற்றைச் சிறுநீரகக்காரன். தண்ணீர் குடிக்காமல் ஓடினானோ? நேற்று வேறு சரியாகச் சாப்பிடவில்லையே. அக்காவின் மனசு எங்கெங்கோ போயிற்று. இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். முதலுதவிக் கூடாரத்தில் போய் விசாரிப்பதாக டீச்சர் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். அக்கா ஓட்டம் வரும் வழியிலேயே எதிர்த் திசையில் நடக்கத் தொடங்கினாள்.

பெரிய செருப்பு சளக் சளக்கென்று அடித்தது. காலில் யாரோ ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியிருந்த மாதிரி கனம். முந்நூறு மீட்டருக்குள் மூச்சு வாங்கியது. கால் பிடித்துக்கொண்டு நொண்டி வருகிறவர்கள், கைகோத்துக்கொண்டு வருகிறவர்கள், அழுதுகொண்டே வருகிற ஒரு பருத்த மனிதர், எல்லோரும் எதிரே வந்தார்கள். ஊதா சட்டைக்காரன் ஒருவனைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. அவன் மட்டும் முழுசாக இருந்தால் போதும், வேறு எதுவும் கேட்க மாட்டேன் என்று திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு நடந்தாள். யாரிடம் கேட்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

இருபது என்று எழுதிய பலகைக்கு அடியில், கவிழ்த்துப் போட்ட தண்ணீர் கேன்மேல் தம்பி உட்கார்ந்திருந்தான். தண்ணீர் கொடுக்கிறவர்கள் காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் முகத்தில் வியர்வை காய்ந்து உப்பாகப் பூத்திருந்தது. மற்றபடி ஆள் முழுசாக இருந்தான்.

அடிபட்டதா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினான். மயக்கமா, கால் பிடித்துக்கொண்டதா என்றாள். அதற்கும் இல்லை. அக்காவுக்குப் பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது.

"பின்ன ஏண்டா இங்க உக்காந்திருக்க? அங்க ரெண்டு பேரும் செத்துப் பொழைக்கிறோம்."

அவன் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். நீலச் செருப்பு. அதற்குமேல் பாளம் பாளமாய் வீங்கிய பாதம்.

"உருளைக்கிழங்குத் தண்ணிய கொட்டினியேக்கா" என்றான்.

நேற்று சுத்தியல் எங்கே என்று கேட்பதற்காக அந்த நேரம் பார்த்துத் திரும்பினானாம். அவள் சின்னப் பாத்திரத்தை மணலில் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். பார்த்துவிட்டு மறுபடி திரும்பிக் கயிற்றை இறுக்க ஆரம்பித்துவிட்டான். உறுதியாகத் தெரியாமல் வாயைத் திறக்காதவனுக்கு அன்றைக்கு உறுதியாகத் தெரிந்தும் வாய் திறக்கவில்லை. காலையில் பதினைந்து கிலோமீட்டர் வரை நன்றாகத்தான் ஓடினானாம். அதற்குமேல் ஒவ்வொரு பலகையும் வர வர, இன்னும் ஆறு, இன்னும் ஐந்து, இன்னும் நாலு என்று கணக்கு வேறு மாதிரி ஓட ஆரம்பித்துவிட்டது. அக்கா எப்போது சொல்வாள் என்று அவனுக்குத் தெரியும். அவள் நடுவழியில் சொல்கிறவள் இல்லை. வந்து சேரட்டும் என்று காத்திருப்பாள்.

"கோட்டைத் தாண்டினா நீ சொல்லிடுவ. தாண்டாத வரைக்கும் எனக்குத் தெரியாதுல்ல" என்றான். "அதான் உக்காந்துட்டேன்."

அக்கா அந்தக் கேனில் அவனுக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எவ்வளவு என்று கேட்டான். நாலு புள்ளி எட்டு என்றாள். அவனுக்கும் யாரும் அதை விளக்கவேண்டியிருக்கவில்லை. மூன்று வாரமாக மனசுக்குள் எழுதி எழுதி அழித்து வைத்திருந்த பேச்சை எடுக்க அவள் வாயைத் திறந்தாள். நீ கொடுத்ததை என்னால் காப்பாற்ற முடியவில்லை, என்னை மன்னித்துவிடு என்று தொடங்கும் பேச்சு அது. அவன் முந்திக்கொண்டான்.

"மன்னிச்சிடுக்கா. இன்னும் கொஞ்ச வருஷம் தாங்கும்னு நெனச்சேன்."

தான் பழுது பார்த்த லிஃப்ட் நடுமாடியில் நின்றுபோய், உள்ளே இருக்கிறவர்களிடம் வெளியிலிருந்து பேசுகிற குரல் அது. அக்காவுக்கு அந்த ஒரு நிமிடம் உலகத்திலேயே இவனைப் போல ஒரு மடையன் கிடையாது என்று பட்டது. முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். தண்ணீர்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒன்பது வருஷம்டா. விருந்தாளியா வந்து யார் வீட்டுல யாருடா ஒன்பது வருஷம் தங்கியிருக்காங்க?" அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "நான் நின்னு லென்ஸ் அறுத்தது, உன் பொண்ணத் தூக்கி வளத்தது, எல்லாம் அவரு இருந்த நாள்லதான். நீ எங்கிட்ட மன்னிப்புக் கேக்கறியா?"

தம்பி குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. அவள் அவன் பிடரியில் கை வைத்துக்கொண்டாள். வியர்வையும் உப்புமாய்ப் பிசுபிசுத்தது, கையை எடுக்கவில்லை. அலை இரைச்சல் இல்லாவிட்டால் இரண்டு பேர் அழுவதும் நன்றாகவே கேட்டிருக்கும்.

"எனக்கு ஓடவே புடிக்காதுக்கா" என்றான் கடைசியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஒவ்வொரு வருஷமும் மூணு மாசம் விடியக்காலைல எந்திரிச்சு, எழவே எழவேன்னு ஓடுவேன். நீ அந்த முழி முழிக்கக் கூடாதுன்னுதான்."

"எனக்கு மணலே ஆகாது."

அவன் நிமிர்ந்து பார்த்தான். காத்து, காத்து என்று சொல்வாளே, அதெல்லாம் என்ன என்று கேட்டான். சும்மா சொன்னேன் என்றாள். நீ ஓடி வரும்போது நான் இங்கே சந்தோஷமாக உட்கார்ந்திருந்தால்தான் உனக்குக் கொடுத்தது வீண் போகவில்லை என்று இருக்கும், அதற்காக என்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பு வந்தது, அடக்கிப் பார்த்தும் நிற்கவில்லை.

பிறகு எழுந்தார்கள். டீச்சர் தேடிக்கொண்டிருப்பாள் என்று அக்கா, தன் போனை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வந்ததால், தண்ணீர்க்காரர் ஒருவரிடம் போனை இரவல் வாங்கி, ஆள் கிடைத்துவிட்டான், ஒன்றுமில்லை, நடந்து வருகிறோம் என்று சொன்னாள். கடைசி ஒரு கிலோமீட்டரை அவர்கள் நடந்தார்கள். தம்பி கையை மடித்து நீட்ட, அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்காக அவன் நூறடிக்கு ஒரு தரம் நின்றான். எப்போது மெஷின், எந்த ஆஸ்பத்திரி, கையில் ஊசிக்கு வழி செய்யும் சின்ன ஆபரேஷன் எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். அவள் ஒவ்வொன்றுக்கும் ஒளிக்காமல் பதில் சொன்னாள். இனி கிழங்கை நான்தான் வேகவைத்துத் தருவேன் என்றான். சரி என்றாள்.

முடிவுக் கோட்டில் கூட்டம் கலைந்திருந்தது. மைக்கில் பேசியவர் ஓய்ந்திருந்தார். ஒன்பது இருபதுக்கு இரண்டு பேரும் ஒன்றாகக் கோட்டைத் தாண்டினார்கள். டீச்சர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று புருஷனைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். சொல்லியாயிற்று என்று அக்கா தலையசைத்தாள்.

கேள்வி ஓடி வந்து அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தது. "அப்பா, ஏன் இவ்வளவு நேரம்? விருந்தாளி எவ்வளவு நேரத்துல ஜெயிச்சாரு?"

"ஒன்பது வருஷத்துல" என்றான் தம்பி.

மேசையில் மிச்சமிருந்த வாழைப்பழங்களில் ஒன்றை யாரோ அவன் கையில் கொடுத்தார்கள். அவன் பழக்கத்தில் உரித்தான், இரண்டாகப் பிட்டான், "இது விருந்" என்று ஒரு பாதியை நீட்டினான். நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. கிழங்கைப் போலத்தான் வாழைப்பழமும், இனி அவளுக்கு ஆகாது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் அவனுக்குக் கை வரவில்லை.

அக்கா அதை வாங்கிக்கொண்டாள். நீலச் செருப்பை இழுத்துக்கொண்டு நாலு எட்டு நடந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற டீச்சரிடம் போனாள்.

"இது உன்னோடது" என்று அந்தப் பாதியை அவள் கையில் வைத்தாள்.

டீச்சர் பழத்தைப் பார்த்தாள். ஒன்பது வருடமாக இந்தக் கம்பிக்குப் பக்கத்திலேயே நின்று எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு அதில் ஒரு பங்கு உண்டென்று இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை. அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நின்ற இடத்திலேயே, கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல், கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தின்று முடித்தாள். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கம்பிக்கு அடியில் குனிந்து இந்தப் பக்கம் வந்து, அண்ணியை அதில் உட்காரவைத்து, கூடாரத்தைப் பிரிக்கப் போனாள்.